கோப்புக்கு அல்ல

பிப்ரவரி 12

உங்களுக்கு,

அன்றைக்கு விசா அதிகாரியிடம் நான் சொல்லாதது இதுதான். நீங்கள் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் நாம் இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம். என் விண்ணப்பப் படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில் நீங்கள் 'இல்லை' என்று நிரப்பியிருந்தீர்கள். ஏழு வருடமாக ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் உட்கார்ந்து, ஊரில் உள்ளவர்களின் பிறப்பு, கல்யாண, இறப்புச் சான்றிதழ்களையெல்லாம் வேற்று மொழியில் எழுதித் தருகிறவளுக்குத் தொழில் இல்லை. "அப்படிப் போட்டாத்தான் சீக்கிரம் கிடைக்கும்னாங்க" என்றீர்கள். நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நீங்கள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, படிவத்தை முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தீர்கள். "விண்ணப்பதாரருக்குத் தொற்றுநோய் உண்டா? இல்லை. மனநோய்? இன்னைக்குக் காலைல வரைக்கும் இல்லை. ஆயுதம் வைத்திருக்கிறாரா? உள்ளே ஒரு வாளி இருக்கிறது." வாளியில் நான் சிரித்துவிட்டேன். கதவைத் திறந்தபோது நீங்கள் 'இல்லை'யை அடித்துவிட்டு 'மொழிபெயர்ப்பாளர்' என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள், எழுத்துப் பிழையோடு.

இதைத்தான் சொல்லவில்லை. "உங்களுக்குள் கடைசியாக எப்போது சண்டை வந்தது?" என்று அதிகாரி கேட்டார். "எங்களுக்குள் சண்டை வந்ததில்லை" என்றேன்.

நேற்று போனில் "வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்தாங்க?" என்று கத்தினீர்கள். பாதியில் நான் வைத்துவிட்டேன். பேசினால் எனக்கு எப்போதும் பதில் ஒரு நாள் தாமதமாகத்தான் வரும். அதனால் எழுதுகிறேன்.

அந்த அறையில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் தரையோடு திருகி வைத்த ஒரு நாற்காலி. அந்தப் பக்கம் அதிகாரியும் ஒரு மொழிபெயர்ப்பாளரும். கண்ணாடியில் சல்லடை போலத் துளைகள். அந்த மொழிபெயர்ப்பாளர் இரண்டு இடத்தில் என் பதிலைத் தப்பாகச் சொன்னார். நான் திருத்தினேன். வாய் அதற்குத் திறந்தது. அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கட்டிலில் நீங்கள் எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்று கேட்டார். சொன்னேன். வீட்டில் கணவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார். "கூப்பிடுகிற தூரத்தில் அவர் இருந்ததில்லை, பக்கத்திலேயே இருந்தார்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் சிரித்தார், அதிகாரி எழுதிக்கொண்டார். அதே நேரத்தில் உங்களையும் போனில் இதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

நிராகரிப்பு உத்தரவு ஒன்பதாம் நாள் வந்தது. மூன்றாவது பத்தியை அப்படியே தருகிறேன். "கணவர் கடுமையான ஒரு சண்டையை விவரமாகக் கூறினார். மனைவி அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார். எனவே இந்தத் திருமணம் மெய்யானது அல்ல என்று முடிவு செய்யப்படுகிறது."

கல்யாணமான பிறகு நாம் சேர்ந்து இருந்தது இருபத்தாறு நாள். அதில் முக்கால்வாசி உறவுக்காரர்கள் பார்த்தது, ஆல்பத்தில் இருப்பது. குளியலறைக் கதவு மட்டும்தான் யாரும் பார்க்காதது. அதைச் சல்லடைத் துளை வழியாக நீட்ட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் ஏற்கெனவே நீட்டிவிட்டீர்கள்.

நான்.

*

பிப்ரவரி 28

அகராதிக்கு,

லெட்டர் வந்துச்சு. நான் கடைசியா எழுதினது ஸ்கூல்ல லீவு லெட்டர், அதுவும் அப்பா கையெழுத்தை நானே போட்டது. தப்பிருந்தா சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பாத.

நான் ஏன் சொன்னேன்னு கேட்டுக்கோ. அந்த ஆளு போன் பண்ணப்ப நான் கிடங்குல நூல் பெட்டிங்களுக்கு நடுவுல நிக்கிறேன். இருபது கேள்வி கேட்டான். உன் பொறந்த நாளைக்கூட நான் பர்ஸுல இருந்த அட்டையைப் பார்த்துத்தான் சொன்னேன். உன் ஸ்கூல் பேரு தெரியல. உங்க அண்ணனுக்கு என்ன வேலைன்னு குத்துமதிப்பா அடிச்சு விட்டேன். "கடைசி சண்டை எது?"ன்னு கேட்டான் பாரு, எனக்கு அப்படியே உசுரு வந்துச்சு. எனக்கு நெஜமா பதில் தெரிஞ்ச ஒரே கேள்வி அதுதான். வாளி வரைக்கும் சொன்னேன். அவனே சிரிச்சான். ஜெயிச்சாச்சுன்னு நெனச்சு அன்னைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

நீ என்னடான்னா சண்டையே இல்லைங்கற. நல்ல ஜோடி.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். இங்க ஒரு வக்கீலம்மாவைப் பிடிச்சிருக்கேன். மேல்முறையீடு போடலாம்னு சொல்றாங்க. நாம நெஜமான புருஷன் பொண்டாட்டின்னு காட்டறதுக்குப் போன் பில்லெல்லாம் பத்தாதாம். லெட்டர் வேணுமாம். மாசம் நாலு, தேதி போட்டு, கவரோட. நம்ம மொழியில எழுதி, முத்திரை போட்ட மொழிபெயர்ப்போட அனுப்பணும். உணர்ச்சி இருக்கணுமாம். நான் எழுதின ஒண்ணைக் காட்டினேன். "இது சரக்கு வந்து சேர்ந்ததுக்கு ரசீது மாதிரி இருக்கு"ன்னுட்டாங்க.

இன்னொண்ணு. விண்ணப்பதாரர் தன் காகிதத்தைத் தானே மொழிபெயர்க்கக் கூடாதாம். நீ எழுதறதையும் நான் எழுதறதையும் உங்க ஆபீஸ்லயே வேற யாராவதுதான் பண்ணணும். எனக்குத் தெரியும், உனக்கு உடம்பெல்லாம் எரியும். கொஞ்சம் பொறுத்துக்கோ.

வந்து மூணரை வருஷம் ஆச்சு. இன்னும் ஒண்ணரை வருஷம், அஞ்சு முடிஞ்சா நிரந்தர அனுமதி. நடுவுல எல்லாம் சேர்த்து ஒரு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா எண்ணிக்கை மறுபடி ஒண்ணுல இருந்து. கல்யாணத்துக்கு வந்ததுலயே அந்த ஒரு மாசம் தீர்ந்துபோச்சு. அதனாலதான் நான் வர முடியல, வரக் கூடாதுன்னு இல்ல.

இப்படிக்கு
விவரமா சொன்னவன்

*

மார்ச் 17

கடிதம் எண் 1

என் அன்புக் கணவருக்கு,

இங்கு நான் நலம். அங்கு உங்கள் நலம் அறிய ஆவல். உங்களை நினைக்காத நாள் இல்லை. காலையில் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், பக்கத்து இடத்தில் நீங்கள் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். நாம் ஒன்றாக வாழும் நாள் விரைவில் வர வேண்டும். உங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மனைவி.

(தனித் தாள். கோப்புக்கு அல்ல.)

மேலே உள்ளதை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. பேருந்தில் எனக்கு ஜன்னலோரம் கிடைப்பதே இல்லை. நின்றுகொண்டுதான் போகிறேன்.

மொழிபெயர்த்தது எங்கள் முத்திரை அக்கா. எனக்குப் பக்கத்து மேஜை. அலுவலகத்தின் ரப்பர் முத்திரை அவருடைய மேஜைக்குள்தான் இருக்கும், சாவி அவர் கழுத்தில். கடிதத்தை நீட்டியபோது என் காதெல்லாம் சுட்டது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார்.

"என்னம்மா இது? இன்சூரன்ஸ் கம்பெனிக்கா எழுதியிருக்க?"

"வீட்டுக்காரருக்குத்தான் அக்கா."

"வீட்டுக்காரருக்கா, வீட்டு ஓனருக்கா? 'உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்'. இதைப் படிச்சா எந்த ஆபீசர் நம்புவான்? ஒரு முத்தமாவது போடு."

"முடியாதுக்கா."

"நான் வேணும்னா போடட்டுமா? மொழிபெயர்ப்புல ஒண்ணு கூடக் குறைய இருக்கலாம்."

அவர் அப்படிச் செய்யமாட்டார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சொல் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. ஆனால் அலுவலகம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். தட்டச்சு செய்பவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

பிறர் எழுதிய கடிதங்களைப் புத்தகமாகப் போட்டவற்றை நான் நிறையப் படித்திருக்கிறேன். நூலகத்தில் அந்த அலமாரி எனக்கு மனப்பாடம். அதையெல்லாம் எழுதியவர்களுக்கு மூன்றாவது ஆள் படிப்பார் என்று தெரிந்திருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பார்களோ என்று இப்போது தோன்றுகிறது. இனிமேல் கோப்புக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று எழுதுகிறேன். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

*

ஏப்ரல் 9

அகராதிக்கு,

கோப்பு லெட்டரைத் தனியா வெச்சிருக்கேன். மூணாவது பாராவுல அழுதிருக்கேன், முத்திரை அக்காகிட்டச் சொல்லு. இது உனக்கு.

நியூஸ் பார்த்திருப்ப. நம்ம ஆளுங்க இவங்க கப்பல் ஒண்ணை நம்ம துறைமுகத்துல நிறுத்தி வெச்சுட்டாங்க. இவங்க நம்ம தூதரகத்துல மூணு பேரை மூட்டை கட்டச் சொன்னாங்க. உடனே நம்ம ஆளுங்க இவங்க ஆளுங்க நாலு பேரை. சின்னப் புள்ளைங்க சண்டை மாதிரிதான். ஆனா புள்ளைங்களுக்குச் சாயங்காலம் பசிக்கும், வீட்டுக்குப் போயிடும்.

எங்களுக்கு அடி உடனே விழுந்துச்சு. நம்ம மில்லுங்கள்ல இருந்து வந்த பருத்தி நூல் இருபத்திரண்டு கண்டெய்னர் துறைமுகத்துல நிக்குது. சுங்கத்துல திறக்க மாட்டேங்கறாங்க. என் வேலை உனக்குத் தெரியும்ல, பெட்டியைத் திறந்து நூல்ல மீட்டர் ஊசியைச் சொருகி ஈரம் பார்க்கறது. எட்டரை சதவீதம் வரைக்கும் சரி, அதுக்கு மேல போனா வாங்கறவன் தண்ணியைக் காசு கொடுத்து வாங்கறான்னு அர்த்தம். இப்ப பகல்ல வெயில், விடிகாலைல பனி. இரும்புப் பெட்டிக்குள்ள வேர்த்து வேர்த்து நூல் பூசணம் பிடிக்கும். எனக்கு இங்கிருந்தே வாசனை வருது. மேஸ்திரி சொல்றாரு, "உனக்கென்னப்பா, பொண்டாட்டியை நெனச்சா நூலு நாறுது, நூலை நெனச்சா பொண்டாட்டி"ன்னு. சொல்லிட்டு அவரே சிரிச்சுக்கறாரு.

ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்காத. கோப்பு லெட்டர்ல என் ரூம் ஜன்னலைப் பத்தி எழுதினேன். எதிர்ல ஒரு சுவரு, சுவருக்கு மேல ஒரு விரல் அகலம் வானம், அதுல தினம் நாலு மணிக்கு ஒரு விமானம் குறுக்க போகும், அது நம்ம பக்கம் போறதுன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்னு. கோப்புக்குன்னுதான் ஆரம்பிச்சேன். பாதியில நெஜமாயிடுச்சு. பேனாவைக் கீழ வெச்சுட்டேன்.

*

மே 6

உங்களுக்கு,

விசாப் பிரிவை மூடிவிட்டார்கள். திங்கட்கிழமை நானே போய்ப் பார்த்தேன். இரும்புக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, நான்கு மூலையிலும் ஒட்டுப்பட்டை, ஒரு மூலை அதற்குள் பிய்ந்திருந்தது. "மறு அறிவிப்பு வரும் வரை தற்காலிகமாக மூடப்படுகிறது." கீழே இரண்டு மொழியில் ஒரே வரி. மொழிபெயர்ப்பில் தவறில்லை.

கதவுக்கு முன்னால் முப்பது, நாற்பது பேர். ஒருவர் மார்பு எக்ஸ்ரே உறையை வெயிலுக்குத் தலைமேல் பிடித்துக்கொண்டு நின்றார். மருத்துவப் பரிசோதனை ஆறு மாதத்துக்குத்தான் செல்லுமாம், அவருடையதற்கு இன்னும் பதினொரு நாள். "நெஞ்சு மாறியா போகப் போகுது?" என்று காவலாளியிடம் கேட்டார். "ஐயா, எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். என்னையும் இந்த மாசத்தோட போகச் சொல்லிட்டாங்க" என்றார் காவலாளி. பிறகு யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைப் போல ஒருத்தி, கையில் கல்யாண ஆல்பம். கனமாக இருந்ததால் இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது நாட்டில் உள்ள அவர்களுடைய தூதரகத்தில் விண்ணப்பிக்கலாம் என்று தாளில் இருந்தது. அந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போனேன். போகலாம், ஆனால் அங்கே ஆறு மாதம் குடியிருந்தவர்களின் விண்ணப்பத்தைத்தான் வாங்குவார்களாம். அங்கே குடியிருக்க வேலை வேண்டும். வேலைக்கு அங்கே ஒரு கணவரோ தகப்பனாரோ இருந்தால் சுலபம் என்று அந்தப் பெண் அன்பாகவே சொன்னாள்.

மேல்முறையீடு உங்கள் பக்கம் நடந்துகொண்டுதான் இருக்கும் என்று வக்கீலம்மா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நாம் ஜெயித்தாலும் கடவுச்சீட்டில் முத்திரை குத்த இங்கே ஆள் இல்லை. ஆனாலும் கடிதங்களை நிறுத்த வேண்டாம். ஏழாவதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஜன்னல் கடிதத்தை முத்திரை அக்கா மொழிபெயர்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "இந்த ஆளு நல்லாத்தான் எழுதறான், நீதான் மோசம்" என்றார்.

நான் மோசம்தான். இங்கே நான்கு மணிக்கு நான் வேலையில் இருப்பேன், வானம் தெரியாது. இப்போதெல்லாம் நான்கு மணி ஆனதும் கடிகாரத்தைப் பார்க்கிறேன். இதைக் கோப்பில் சேர்க்காதீர்கள்.

*

ஜூன் 10

அகராதிக்கு,

இதை ஊருக்குத் திரும்பற ஒருத்தர் கையில கொடுத்தனுப்பறேன். போன் பண்ணாத. நம்ம நாட்டு நம்பருக்குப் பேசறவங்களைக் குறிச்சு வெச்சுக்கறாங்கன்னு சொல்றாங்க. பதிலை நான் கீழ கொடுத்திருக்கற மூணாவது நாட்டு சிநேகிதன் முகவரிக்கு, கவருக்குள்ள கவர் வெச்சு அனுப்பு.

நம்ம நாட்டுச் சரக்குக்கு முழுத் தடை போட்டுட்டாங்க. இருபத்திரண்டு கண்டெய்னரையும் திருப்பி அனுப்பறாங்க. எங்க கம்பெனி இழுத்து மூடியாச்சு. மேஸ்திரி மீட்டரை என் கையில கொடுத்து "ஞாபகத்துக்கு வெச்சுக்கோ"ன்னாரு. வேற நாட்டு நூல் இறக்கற கிடங்கு ஒண்ணுல என்னை எடுத்துக்கறேங்கறாங்க. வேலை இருக்கு.

அனுமதிதான் இல்ல. போன வாரம் ஒரு சட்டம் வந்துச்சு. நம்ம நாட்டு ஆளுங்கள்ல, நம்ம நாட்டுல பெத்தவங்களோ புருஷனோ பொண்டாட்டியோ இருந்தா, வேலை அனுமதியைப் புதுப்பிக்க மாட்டாங்க. நெருங்கிய தொடர்பாம். அப்பா அம்மா எனக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்க. இருக்கறது நீ ஒருத்திதான்.

வக்கீலம்மாகிட்டப் போனேன். கோப்பை எடுத்து மேஜைல வெச்சாங்க. உன்னுது ஏழு, என்னுது ஏழு, எல்லாம் முத்திரையோட. "நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நெருக்கம்னு நானே நிரூபிச்சு வெச்சிருக்கேன்"ன்னாங்க. சிரிக்கல.

அப்பறம் சொன்னாங்க. இந்த நாட்டு அரசாங்கமே ஒரு உத்தரவு போட்டிருக்குல்ல, இந்தக் கல்யாணம் மெய் இல்லைன்னு. மேல்முறையீட்டைத் திரும்ப வாங்கிட்டா அந்த உத்தரவு அப்படியே நிக்கும். அப்ப எனக்குப் பொண்டாட்டி இல்ல. ஆனா நீயும் ஒத்துக்கறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணுமாம்.

காகிதத்துக்குத்தான். அந்த ஒரு கோப்போட முடிஞ்சிடும்னு வக்கீலம்மா சொல்றாங்க. இன்னும் பதினாலு மாசம். அப்பறம் நிரந்தரம் ஆயிட்டா, நான் யாரைக் கூட்டிக்கிட்டாலும் கேக்க ஆளில்ல.

மூணு தடவை கிழிச்சுப் போட்டு எழுதறேன். எப்படி எழுதினாலும் இப்படித்தான் வருது.

*

ஜூன் 29

உங்களுக்கு,

நீங்கள் கேட்டதைக் காகிதம் என்று சொல்கிறீர்கள். நான் காகிதத்தில்தான் வேலை பார்க்கிறேன். ஒரு சான்றிதழில் ஓர் எழுத்து மாறியதால் தன் அப்பாவுக்குத் தான் மகன் இல்லை என்று ஆனவர்கள் வாரத்துக்கு ஒருவராவது என் மேஜைக்கு வருகிறார்கள். அவர்களிடம் "வெறும் காகிதம்தானே" என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார்கள்.

மெய் இல்லை என்று அவர்கள் சொன்னபோது தப்பு என்று கத்தினீர்கள். என்னிடம்தான் கத்தினீர்கள். இப்போது அதே வரியில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். நீங்கள் ஏன் திரும்பி வரக் கூடாது? இங்கேயும் மில்கள் பாதி நாள்தான் ஓடுகின்றன, தெரியும். உங்களுக்குத் தெரிந்த வேலை இங்கே இப்போது இல்லை. ஆனால் எனக்கு வேலை இருக்கிறது. வீட்டில் இரண்டு அறை இருக்கிறது. எந்த அதிகாரியும் வந்து கட்டிலில் யார் எந்தப் பக்கம் என்று கேட்க மாட்டார்.

இந்தக் கேள்வியை நான் கல்யாணத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். அப்போது நீங்கள் போகிறவர் என்பது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. அதைப் போய் யார் கேட்பார்கள்?

அண்ணனிடம் சொல்லவில்லை. முத்திரை அக்காவிடம் மட்டும் சொன்னேன். "அவன் உன்னை விடறேன்னு சொல்லல. புடிச்சுக்கறதுக்காக விடறேங்கறான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

வந்துவிடுங்கள். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

*

ஜூலை 20

அகராதிக்கு,

உன் லெட்டரை எத்தனை தடவை படிச்சேன்னு எண்ணல.

நான் வரலாம். டிக்கெட் போட்டா மூணாவது நாட்டு வழியா ரெண்டு நாள்ல வந்துடலாம். அதுதான் என்னைத் தூங்க விடமாட்டேங்குது. வர முடியாதுன்னா நிம்மதியா இருப்பேன்.

வந்து என்ன பண்ணுவேன்? காலைல நீ டிபன் டப்பாவை எடுத்துக்கிட்டு வேலைக்குக் கிளம்புவ. நான் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவேன். உங்க அண்ணன் வந்து "மாப்பிள்ளை, ஏதாவது பார்த்தீங்களா?"ம்பாரு. மொதல் மாசம் கேப்பாரு, ரெண்டாவது மாசம் கேக்க மாட்டாரு. படிவத்துல உன் தொழிலுக்கு நான் 'இல்லை'ன்னு எழுதினப்ப உனக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு பார்த்தேன். எனக்கு மட்டும் வலிக்காதா? இது நியாயம்னு சொல்லல. நான் இப்படித்தான், அவ்வளவுதான்.

நாலு வருஷமாகப் போகுது. மாடிப்படிக்கு அடியில ஒரு ரூம்ல எட்டு பேரோட இருந்தேன், அப்பறம் நாலு பேரோட, இப்ப தனி ரூம், ஒரு விரல் வானம். அதை விட்டுட்டு வரத் தைரியம் இல்ல.

அனுமதி ஆகஸ்ட் 31 வரைக்கும். அதுக்குள்ள உன் லெட்டர் வரணும். வரலைன்னா வரலைன்னு எடுத்துக்கறேன். உன்மேல கோபப்பட மாட்டேன்.

*

ஆகஸ்ட் 8

உங்களுக்கு,

கேட்டதை இத்துடன் வைத்திருக்கிறேன். மூலம் ஒன்று, மொழிபெயர்ப்பு ஒன்று.

முத்திரை அக்காவிடம்தான் முதலில் கொண்டுபோனேன். படித்துவிட்டு என் பக்கமே தள்ளினார். "பொய்யை மொழிபெயர்க்க மாட்டேன்னு சொல்லல. எத்தனையோ பண்ணியிருக்கேன். இந்தக் கையெழுத்துக்காரி மூணு மாசம் முன்னாடி என்ன எழுதினான்னு எனக்குத் தெரியுமே. ஏழையும் நான்தானே பண்ணேன்." கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி என் மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இந்த முறை விண்ணப்பதாரர் நீங்கள், நான் இல்லை. அதனால் விதிப்படி நானே மொழிபெயர்க்கலாம். செய்தேன்.

மூலத்தில் இருப்பது இது:

"எனக்கும் மேற்கண்ட நபருக்கும் நடந்த திருமணம் மெய்யான திருமணம் அல்ல என்ற அரசின் முடிவை நான் ஏற்கிறேன். எங்களுக்குள் கணவன் மனைவி என்ற உறவு இல்லை. மேல்முறையீட்டில் சேர்க்கப்பட்ட கடிதங்கள் அந்த முடிவை மாற்றுவதற்காகவே எழுதப்பட்டவை. இதை யாருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதிக் கொடுக்கிறேன்."

மூன்றாவது வரியை மொழிபெயர்க்கும்போது நின்றுவிட்டேன். அதில் உண்மை எவ்வளவு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் முதல் கடிதத்துக்கு அது பொருந்தும். உங்கள் ஜன்னலுக்குப் பொருந்தாது. ஆனால் கோப்பில் இரண்டுக்கும் ஒரே முத்திரை.

தனித் தாள்களையெல்லாம் எரித்துவிடுங்கள். இதையும். கோப்புக்கு அல்லாதவை யார் கையிலாவது சிக்கினால், நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று ஆகிவிடும். என்னிடம் இருப்பவற்றை நான் எரிக்கவில்லை. இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

இனி உங்களுக்கு நிரந்தர அனுமதி கிடைக்கும் வரை எழுதாதீர்கள். நானும் எழுத மாட்டேன்.

*

மறு வருடம், நவம்பர் 3

உங்களுக்கு,

நிரந்தர அனுமதி கிடைத்துவிட்டது என்ற உங்கள் கடிதமும், விண்ணப்பப் படிவமும் கிடைத்தன. தொழில் என்ற கட்டத்தைச் சரியாகவே நிரப்பியிருந்தீர்கள்.

இரண்டு அமைச்சர்களும் கைகுலுக்கிய படம் இங்கே எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நூல் போக ஆரம்பித்துவிட்டது, மில்களில் மூன்று ஷிப்ட் ஓடுகிறது. விசாப் பிரிவை வியாழக்கிழமை திறந்தார்கள். காலை ஐந்தரைக்கே வரிசையில் நின்றேன். பதினான்காவது ஆள்.

கண்ணாடிக்குப் பின்னால் இந்த முறை ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். நம் மொழி பேசினாள், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. என் எண்ணைத் தட்டினாள். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, "மெய்யான கல்யாணம் இல்லைன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே மேடம்" என்றாள். ஆமாம் என்றேன். அது பொய் என்று சொன்னால் உங்களுடைய அனுமதி என்ன ஆகும் என்று கேட்டேன். "அது ரத்தாயிடும். ரெண்டுல ஒண்ணு பொய்யா இருக்கணும் மேடம். எதுன்னு சொல்றீங்களோ அதை எழுதிக்கறேன்" என்றாள். எழுதியதே உண்மை என்று சொன்னேன்.

பொய்யான திருமணத்தின் பேரில் விண்ணப்பித்தவர்களுக்குப் பத்து வருடத் தடை. தாளில் தேதி போட்டுக் கொடுத்தாள். பதினொரு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அன்று மதியமே வேலைக்குப் போனேன்.